நியூ ஜேர்சிப் பெண்கள் பெற்றிழந்த வாக்குரிமை

வாக்குரிமையின் வரலாற்றை ஓர் ஏணியாகக் கருதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. முதற்படியில் நிலமுடைய ஆடவர் சிலர். அடுத்த படியில் நிலமற்ற வெள்ளை ஆடவர். அதற்கு மேற் கறுப்பின ஆடவர். இறுதிப் படியிற் பெண்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூறும் நூல்கள் பலவும் இவ்வொழுங்கிலேயே கூறிச் செல்லும். ஏறிய படியிலிருந்து எவரும் இறங்கியதில்லை என்னும் எண்ணமும் அதனாற் படிப்போர் மனத்திற் பதிந்துவிடும். ஆனால், அந்நாட்டின் ஆதி மாநிலங்கள் பதின்மூன்றனுள் ஒன்றாகிய நியூ ஜேர்சியின் கதை இவ்வேணிக்கு அடங்குவதன்று. அங்கே 1776ஆம் ஆண்டு தொடக்கம் 1807ஆம் ஆண்டு வரை, குறித்த அளவு சொத்துடைய பெண்களும், அதே அளவு சொத்துடைய சுதந்திரக் கறுப்பினத்தவரும் வாக்களித்தனர். பின்பு அவர்களுடைய உரிமை ஒரே சட்டத்தினாற் பறிக்கப்பட்டது. பறிபோன அவ்வுரிமை அம்மாநிலப் பெண்களிடம் மீண்டு வருவதற்கு நூற்றுப்பதின்மூன்று ஆண்டுகள் சென்றன.

இக்கதையின் பெறுமதியை உணர்வதற்கு, அக்காலத்துத் தேர்தல்கள் எவ்வாறு நடைபெற்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஆங்கிலேயர் வட அமெரிக்காவிற் குடியேறிய பன்னிரண்டாண்டுகளுக்குள்ளேயே, 1619ஆம் ஆண்டில், வேர்ஜீனியாவின் ஜேம்ஸ்ரவுன் நகரில் மக்கட் பிரதிநிதிகள் கூடிய சபையொன்று தோன்றியது. எனினும், வாக்களிப்பவர் யாவர் என்னும் வினாவுக்கு இங்கிலாந்தின் பழைய விடையே அங்கும் பெரும்பாலும் நிலைத்தது. நிலமுடையவனே வாக்குடையவன் என்பது அவ்விடை. வேர்ஜீனியாவில் 1736ஆம் ஆண்டுச் சட்டம், வெறும் நிலமாயின் நூறு ஏக்கரும், வீடமைந்து பயிர் செய்யப்பட்ட நிலமாயின் இருபத்தைந்து ஏக்கரும் வாக்காளனுக்கு வேண்டுமென விதித்தது.

வாக்களிக்கும் முறையும் இக்காலத்து முறையினின்றும் வேறுபட்டது. வேர்ஜீனியாவில் வாக்குச் சீட்டு என்பதே இல்லை. நீதிமன்ற முற்றத்தில் அதிகாரி ஒருவர் அமர்ந்திருப்பார். அபேட்சகர்களும் அருகில் இருப்பர். வாக்காளன் அவர்கள் முன்னிலையில் தான் விரும்பியவரின் பெயரை வாய்விட்டுக் கூறுவான். வாக்குப் பெற்றவர் அங்கேயே அவனுக்கு நன்றி கூறுவார். கடன் கொடுத்தவனும், நிலத்துக்குச் சொந்தக்காரனும், அயலவனும் அதனைக் கேட்டுக்கொண்டு நிற்பர். வாக்காளர்க்கு விருந்தளிப்பதும் வழக்கமாயிருந்தது. பிற்காலத்தில் நாட்டின் முதற் சனாதிபதியாகிய ஜோர்ஜ் வாஷிங்டன், 1758ஆம் ஆண்டில் வேர்ஜீனியாச் சபைக்குத் தெரிவாகியபோது, படைத் தளத்தில் இருந்தமையால் தேர்தலுக்கு நேரிற் செல்லவில்லை. எனினும், அவர் பெயரால் ஏறத்தாழ 160 கலன் மதுபானங்கள் வாக்காளர்க்கு வழங்கப்பட்டன. அத்தொகுதியில் வாக்களித்தோர் நானூறு பேருக்கும் குறைவானவரே. மூன்றாண்டுகளுக்கு முன் அங்கே தோல்வி கண்டவர், இம்முறை எளிதில் வென்றார்.

சொத்துடையோர்க்கே வாக்கு என்னும் கொள்கைக்கு அக்காலத்தார் ஒரு நியாயம் கூறினர். பிறரை அண்டி வாழ்பவனுக்குச் சொந்தமாக ஒரு சித்தம் இராது. அவனுக்கு வாக்களித்தால், அவனை ஆட்டிவைக்கும் எசமானுக்கே இரண்டாம் வாக்கை அளித்ததாகும் என்பது அவர்கள் வாதம். வேலையாளும், குத்தகைக்காரனும், வளர்ந்த பிள்ளைகளும், மனைவியும் இவ்வாதத்தினால் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டனர். சுதந்திரப் போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான ஜோன் அடம்ஸ், 1776ஆம் ஆண்டு மே மாதத்தில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், சொத்துத் தகுதியை மாற்றத் தொடங்கினால் அதற்கு முடிவே இராதென்றும், பெண்கள் வாக்குக் கேட்பரென்றும், இளைஞரும் காசற்றவரும் தமக்கும் பங்கு வேண்டுமென்பரென்றும் எச்சரித்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே அவருடைய மனைவி அபிகேயில், புதிய சட்டங்களை இயற்றும்போது பெண்களை மறவாதிருக்குமாறு அவருக்கு எழுதியிருந்தார். கணவர் அதனை நகைச்சுவையாகக் கருதி விடையளித்தார்.

அடம்ஸ் அஞ்சியது நியூ ஜேர்சியில் ஓசையின்றி நிறைவேறிற்று. 1776ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆந் திகதி, அதாவது சுதந்திரப் பிரகடனம் ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு இரண்டு நாள்களுக்கு முன், அம்மாநிலம் தனக்கென ஓர் அரசியற்றிட்டத்தை வகுத்துக்கொண்டது. அப்பொழுது பிரித்தானியக் கடற்படை நியூ யோர்க் துறைமுகத்தின் வாயிலில் வந்து நின்றது. போர் வாசலுக்கு வந்துவிட்ட அவசரத்திற் சில நாள்களுக்குள் எழுதப்பட்ட திட்டம் அது. இங்கிலாந்தோடு சமரசம் ஏற்படின் திட்டம் செல்லாததாகிவிடும் என்னும் விதியும் அதன் இறுதியிற் சேர்க்கப்பட்டிருந்தது.

வாக்குரிமை பற்றிய பிரிவு மிகச் சுருங்கியது. வயது வந்தவராய், ஐம்பது பவுண் பெறுமதியான சொத்துடையவராய், தேர்தலுக்கு முன் பன்னிரண்டு மாதங்கள் அந்த மாவட்டத்தில் வசித்தவராய் உள்ள குடிகள் யாவரும் வாக்களிக்கலாம் என்பதே அதன் சாரம். முன்னைய சட்டங்கள் நிலத்தையே வற்புறுத்தின. இதுவோ எவ்வகைச் சொத்தும் போதுமென்றது. அன்றியும், ஆடவர் என்னும் சொல் அதில் இல்லை. வெள்ளையர் என்னும் சொல்லும் இல்லை. அயல் மாநிலமாகிய நியூ யோர்க் 1777ஆம் ஆண்டிலும், மசச்சூசெற்ஸ் 1780ஆம் ஆண்டிலும் தத்தம் திட்டங்களில் ஆடவர் என்று திட்டமாக எழுதிவைத்தன. நியூ ஜேர்சியார் எழுதவில்லை.

இவ்விடுபாடு தவறுதலாக நேர்ந்ததா, கருதியே செய்யப்பட்டதா என்பது குறித்து வரலாற்றாசிரியர் நெடுங்காலமாக விவாதித்து வந்துள்ளனர். அவசரத்தில் நேர்ந்த பிழை என்பர் ஒரு சாரார். போர்ச்செலவுக்கு வரி செலுத்தும் எவரையும் தம் பக்கம் அணைத்துக்கொள்ள விரும்பியே அவ்வாறு எழுதினர் என்பர் மற்றொரு சாரார். அம்மாநிலத்தின் மேற்குப் பகுதியிற் குவேக்கர் என்னும் கிறித்தவ சமயத்தவர் பெருந்தொகையினராய் வாழ்ந்தனர். அவர்களுடைய சமயக் கூட்டங்களிற் பெண்கள் எழுந்து பேசுவது வழக்கம். அவ்வழக்கத்தின் செல்வாக்கு இருந்திருக்கலாம் என்பாரும் உளர். தொடக்கத்தில் எவ்வாறிருந்தாலும், பதினான்கு ஆண்டுகளின் பின் ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று. 1790ஆம் ஆண்டில் ஏழு மாவட்டங்களுக்கென இயற்றப்பட்ட தேர்தற் சட்டம், வாக்காளரைக் குறிக்குமிடத்து ‘அவன் அல்லது அவள்’ என்றே கூறிற்று. 1797ஆம் ஆண்டுச் சட்டம் அதே சொற்களை மாநிலம் முழுவதற்கும் உரியனவாக்கியது. கண்ணைத் திறந்துகொண்டு எழுதப்பட்ட சட்டங்கள் இவை.

ஆயினும், பெண்கள் யாவரும் வாக்குப் பெற்றனர் என்று கொள்ளல் தவறு. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி, மணம் புரிந்த பெண்ணின் உடைமை கணவனுடைய ஆட்சிக்கு உட்பட்டது. ஆகவே, ஐம்பது பவுண் சொத்து அவள் பெயரில் இருத்தல் அரிது. கைம்பெண்களும், மணமாகாத பெண்களுமே வாக்களிக்கத் தகுதி பெற்றனர். நேற்றுவரை தன் பெயரில் வாக்களித்த பெண், இன்று மணவறை ஏறியதும் அவ்வுரிமையை இழந்தாள். கணவன் இறந்தபின் மீண்டும் பெற்றாள். கறுப்பின மக்களின் நிலையும் இத்தகையதே. சுதந்திரம் பெற்றுச் சொத்தும் சேர்த்த சிலர் வாக்களிக்க, அதே மாநிலத்தில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாய் உழன்றனர். அடிமை முறையைச் சிறிது சிறிதாக ஒழிக்கும் சட்டத்தை நியூ ஜேர்சி 1804ஆம் ஆண்டிலேதான் இயற்றியது. வட மாநிலங்களுள் இதிற் கடைசியாக முன்வந்தது அதுவே.

இவ்வாறு உரிமை ஏட்டில் எழுதப்பட்டிருந்தபோதிலும், அதற்கு வலுவளித்தது கட்சிப் போட்டியே. 1790களில் கூட்டாட்சிக் கட்சியார் என்றும், ஜெபர்சனின் குடியரசுக் கட்சியார் என்றும் அமெரிக்க அரசியல் இரு கூறாகியது. ஒவ்வொரு வாக்கும் விலைமதிப்புப் பெற்றது. 1797ஆம் ஆண்டில், எசெக்ஸ் மாவட்டத்தில் மேற்சபை ஆசனமொன்றுக்கு எலிசபெத்ரவுன் நகரத்தவரான வில்லியம் கிறேனும், நியூவாக் பகுதியைச் சார்ந்த ஜோன் கொண்டிற்றும் போட்டியிட்டனர். கொண்டிற்றின் வெற்றி உறுதியெனக் கருதப்பட்ட வேளையில், கூட்டாட்சிக் கட்சியார் எலிசபெத்ரவுனிலிருந்த பெண் வாக்காளரைத் திரட்டி வாக்களிப்பு நிலையத்துக்கு அழைத்து வந்தனர். எழுபத்தைந்து பெண்கள் வரையில் வாக்களித்தனர் என்பர். கொண்டிற் வென்றார், ஆயினும் வெற்றி மயிரிழையிற் கிடைத்தது. இந்நிகழ்ச்சி மாநிலமெங்கும் பேச்சாயிற்று. பத்திரிகைகள் பெண் வாக்காளரைப் ‘பாவாடை வாக்காளர்’ எனப் பரிகசித்தன. ஆனால், பரிகசித்த கட்சியாரும் அடுத்த தேர்தலிற் பெண்களின் வாக்கைத் தேடிச் செல்லத் தவறவில்லை.

பெண்கள் வாக்களித்தது இங்கொன்றும் அங்கொன்றுமாய் நிகழ்ந்த புதுமை என்றே பலர் நெடுங்காலம் எண்ணினர். அண்மைக் காலத்தில், பிலடெல்பியாவிலுள்ள அமெரிக்கப் புரட்சி அரும்பொருட்சாலையினர் நியூ ஜேர்சியின் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, வாக்களித்தோர் இடாப்புகள் பலவற்றைக் கண்டெடுத்தனர். 2020ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, 1800 முதல் 1807 வரையான ஒன்பது இடாப்புகளில் 163 பெண்களின் பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, சொமர்செற் மாவட்டத்து மொன்ற்கோமரி என்னும் ஊரில் 1801ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நடந்த தேர்தலுக்குரியது. அதில் உள்ள 343 பெயர்களுள் 46 பெயர்களேனும் பெண்களுடையவை. ஏழு பேருக்கு ஒருவர் என்னும் கணக்கு அது. தந்தைக்கும் தமையனுக்கும் அயலவருக்கும் இடையிலே, வேறு அடையாளம் எதுவுமின்றி, அப்பெயர்கள் வரிசையில் நிற்கின்றன. எழுதிய எழுத்தருக்கு அவை புதுமையாகத் தோன்றியதாகத் தெரியவில்லை. நாட்டுப்புறத்து ஊரொன்றில், தேர்தல் நாளில் ஒரு கைம்பெண் வந்து தன் சீட்டைக் கொடுத்துப் போவது இயல்பான காரியமாகிவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இயல்பாகிவிட்ட அவ்வழக்கம் எங்ஙனம் ஒழிந்தது? அதற்குரிய சாட்டு எசெக்ஸ் மாவட்டத்திலேயே கிடைத்தது. 1807ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில், அம்மாவட்டத்துக்குப் புதியதொரு நீதிமன்றக் கட்டடத்தை எங்கே எழுப்புவது என்று தீர்மானிக்க வாக்கெடுப்பு நடந்தது. நியூவாக் நகரத்தார் தம் நகரில் வேண்டுமென்றனர்; எலிசபெத்ரவுனார் தம் பக்கத்தில் வேண்டுமென்றனர். நீதிமன்றம் வரும் ஊருக்கு வியாபாரமும், விடுதிகளும், நிலத்தின் விலையேற்றமும், பெருமையும் வரும். ஆதலின், பொதுத் தேர்தலிற் காணாத வெறி இதில் மூண்டது. மூன்று நாள்கள் நடந்த வாக்கெடுப்பில் இரு நகரத்தாரும் வெட்கத்தை விட்டொழித்தனர். ஒருவரே ஊர் ஊராய்ச் சென்று பன்முறை வாக்களித்தனர். வயது வராத சிறுவர் வாக்களித்தனர். சொத்தில்லாதவர் வாக்களித்தனர். ஆடவர் சிலர் பெண்ணுடை அணிந்து வந்து இரண்டாம் முறை வாக்களித்தனர் என்றும் கூறப்பட்டது. எண்ணியபோது பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் இருந்தன. குழந்தைகள் உட்பட அம்மாவட்டத்துச் சனத்தொகை முழுவதும், 1800ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, ஏறக்குறைய 22,000 மாத்திரமே. நியூவாக் வென்றதாக அறிவிக்கப்பட்டது. மோசடி மிகைப்பட்டமையாற் சட்டசபை அம்முடிவைத் தள்ளிவிட்டது.

மோசடி செய்தவர் பெரும்பாலும் ஆடவர். அதனை ஏவியவரும் இரு நகரங்களின் பெரிய மனிதரே. தண்டனையோ வேறிடத்தில் விழுந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதம் 16ஆந் திகதி, சட்டசபை புதிய தேர்தற் சட்டமொன்றை நிறைவேற்றியது. அந்நியரும், பெண்களும், கறுப்பினத்தவரும் வாக்களிப்பது பற்றி ஐயங்கள் எழுந்துள்ளன என்றும், மாநிலத்தின் பாதுகாப்பையும் அமைதியையும் ஒழுங்கையும் கண்ணியத்தையும் கருதி அவ்வையங்களைத் தீர்ப்பது அவசியமென்றும் அதன் முகவுரை கூறிற்று. இனிமேல், இருபத்தொரு வயதடைந்த, சுதந்திரமுள்ள, வெள்ளை ஆண் பிரசைகளே வாக்களிக்கலாம் என அது விதித்தது. அரசியற்றிட்டம் திருத்தப்படவில்லை. ‘குடிகள் யாவரும்’ என்னும் சொற்கள் அதில் அப்படியே இருந்தன. திட்டம் கொடுத்ததைச் சாதாரணச் சட்டம், ‘விளக்கம்’ என்னும் பெயரால் எடுத்துக்கொண்டது.

அதே சட்டத்தில் மற்றொரு விதியும் இருந்தது. வரி இடாப்பிற் பெயருள்ள எவனும் ஐம்பது பவுண் சொத்துடையவனாகவே மதிக்கப்படுவான் என்பது அவ்விதி. இதனால், அதுவரை வாக்கற்றிருந்த ஏழை வெள்ளை ஆடவர் பலர் வாக்காளராயினர். ஒரு கதவு திறந்தபோது மறு கதவு அடைக்கப்பட்டது. சொத்தே தகுதி என்ற பழைய கொள்கையின்படி, நூறு பவுண் உடைய கைம்பெண் வாக்களிக்கலாம். பத்துப் பவுண் உடைய கூலியாள் வாக்களிக்கலாகாது. புதிய கொள்கையின்படி கூலியாள் உள்ளே வந்தான். கைம்பெண் வெளியே நிறுத்தப்பட்டாள். தகுதியின் அளவுகோல் உடைமையிலிருந்து பிறப்புக்கு மாறியது. உழைத்துச் சேர்த்தால் உடைமை வரும். பெண்ணாய்ப் பிறந்தவள் ஆணாக முடியாது, கறுப்பனாய்ப் பிறந்தவன் வெள்ளையனாக முடியாது.

கட்சிகளின் கணக்கும் இதில் இருந்தது. பெண்களின் வாக்குக் கூட்டாட்சிக் கட்சிக்கே செல்கிறதெனக் குடியரசுக் கட்சியார் பலர் ஐயுற்றனர். கறுப்பினத்தவரும், புதிதாய் வந்த அந்நியரும் குடியரசுக் கட்சிக்கே வாக்களிப்பர் எனக் கூட்டாட்சிக் கட்சியார் ஐயுற்றனர். இரு சாராரும் தத்தமக்கு நட்டம் விளைவிக்கும் எனக் கருதியவரை நீக்குவதில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தனர். நீக்கப்பட்டவரின் சார்பிற் பேசச் சபையில் ஒருவரேனும் அவர்களுள் ஒருவராய் இருக்கவில்லை. வாக்களிக்கும் உரிமை இருந்ததேயன்றி, சபையில் அமரும் வாய்ப்பு அவர்களுக்கு ஒருபோதும் வந்ததில்லை.

நியூ ஜேர்சியில் நிகழ்ந்தது பின்னர் வேறு மாநிலங்களிலும் நிகழ்ந்தது. 1821ஆம் ஆண்டில் நியூ யோர்க் மாநிலம் வெள்ளையர்க்குச் சொத்துத் தகுதியைத் தளர்த்தியது. கறுப்பினத்தவர்க்கு மட்டும் 250 டொலர் பெறுமதியான சொத்து வேண்டுமென்றது. ரெனசி 1834ஆம் ஆண்டிலும், வட கரோலினா 1835ஆம் ஆண்டிலும், பென்சில்வேனியா 1838ஆம் ஆண்டிலும் சுதந்திரக் கறுப்பினத்தவரின் வாக்கை அடியோடு நீக்கின. பொதுமக்களின் காலம் பிறந்துவிட்டதென அமெரிக்கர் பெருமை பேசிய அதே ஆண்டுகள் இவை.

இழந்த உரிமையின் நினைவு முற்றாக அழிந்துவிடவில்லை. 1858ஆம் ஆண்டில், நியூ ஜேர்சியின் ஒறேஞ்ச் நகரில் வசித்த லூசி ஸ்ரோன் அம்மையார், பிரதிநிதித்துவம் இல்லாதவளிடம் வரி கேட்பது நியாயமன்று என்று கூறி வரி செலுத்த மறுத்தார். அவருடைய வீட்டுப் பொருள்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. 1867ஆம் ஆண்டில் அவர் அம்மாநிலச் சட்டசபையார் முன்னிலையிற் பேசியபோது, அவர்களுடைய பாட்டிமார் வாக்களித்த வரலாற்றையே சான்றாக எடுத்துக் காட்டினார். மறு ஆண்டு, வைன்லன்ட் என்னும் ஊரில் 172 பெண்கள் தமக்கெனத் தனிப் பெட்டியொன்றை வைத்து அதில் வாக்குச் சீட்டுகளை இட்டனர். அவர்களுள் நால்வர் கறுப்பினப் பெண்கள். அவ்வாக்குகள் எண்ணிக்கையிற் சேர்க்கப்படா என்பதை அறிந்தே அவர்கள் வந்தனர்.

கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமை அளித்த பதினைந்தாவது திருத்தம் 1870ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் நாட்டில் முதன்முதலாக வாக்களித்தவர், நியூ ஜேர்சியின் பேர்த் அம்போய் நகரத்துத் தோமஸ் மண்டி பீற்றர்சன் ஆவார். 1870ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆந் திகதி அவர் தம் சீட்டைப் பெட்டியில் இட்டார். பெண்களோ இன்னும் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1915ஆம் ஆண்டில் அம்மாநில ஆடவரிடம் இவ்வினா வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. சனாதிபதி வில்சன் பிரின்ஸ்ரன் நகருக்கு நேரிற் சென்று ஆதரித்து வாக்களித்தும், பெரும்பான்மையோர் மறுத்துவிட்டனர். 1920ஆம் ஆண்டு பத்தொன்பதாவது திருத்தம் நிறைவேறிய பின்னரே, நியூ ஜேர்சிப் பெண்கள் மீண்டும் வாக்களிப்பு நிலையத்தில் அடி வைத்தனர். 1807ஆம் ஆண்டில் வாக்களித்த பெண் ஒருத்திக்கும், அன்று வாக்களித்த பெண்ணுக்கும் இடையே நான்கு தலைமுறைகள் கழிந்துவிட்டன.

இக்கதையிலிருந்து அறியத்தக்கது ஒன்றுண்டு. உரிமையைப் பெறுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பெற்ற உரிமையைக் காப்பதற்கும், அது பறிபோகும் வேளையிற் சபையில் எழுந்து பேசுவதற்கும் ஆள் வேண்டும். 1807ஆம் ஆண்டில் நியூ ஜேர்சிப் பெண்களுக்குச் சட்டம் துணையாயிருந்தது. அரசியற்றிட்டத்தின் சொற்களும் துணையாயிருந்தன. முப்பதாண்டு வழக்கமும் துணையாயிருந்தது. அவை மூன்றும் ஒரே நாளின் வாக்கெடுப்பிற் பயனற்றுப் போயின. சீர்கேட்டுக்கு மருந்து என்று கூறி நிறைவேற்றப்படும் சட்டம், சீர்கேடு செய்தவரைத் தொடாது விட்டு, எளியவரின் கையிலிருப்பதை எடுத்துக்கொள்வதும் உண்டு என்பதற்கு எசெக்ஸ் மாவட்டத்து நீதிமன்றக் கட்டடமே சாட்சி. மொன்ற்கோமரி ஊரின் பழைய இடாப்பில், 46 பெண்களின் பெயர்கள் மங்கிய மையில் இன்றும் இருக்கின்றன. ஒருகாலத்தில் அவர்கள் வாக்களித்தனர் என்பதை மறுப்பதற்கு இனி எவராலும் இயலாது.